தாய்லாந்தா, வியட்நாமா? குறைந்த செலவில் போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

இரண்டு நாடுகளுக்கும் சிக்கனமாகப் போய்வந்தவன் என்று தெரிந்ததிலிருந்து உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். விலைகள் 2025 நிலவரம். கணக்குக்காக 1 அமெரிக்க டாலருக்குத் தாய்லாந்துப் பணத்தில் 33 பாட், வியட்நாம் பணத்தில் 26,000 டாங் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ரெண்டுல எது மலிவு? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

வியட்நாம். ஒரு நாள் தங்கி, சாப்பிட்டு, ஊருக்குள் சுற்றுவதை மட்டும் பார்த்தால் இதில் சந்தேகமே இல்லை.

ஆனால் இந்தப் பதிலை வைத்து டிக்கெட் போட்டுவிடாதீர்கள். நாள் செலவில் மிச்சம் பிடித்ததை ஊர்விட்டு ஊர் போவதில் விட்டுவிடுகிற நாடு வியட்நாம். தாய்லாந்தில் பணத்தைக் கரைப்பவை தீவுகளும் படகுகளும். எந்த நாடு என்பதைவிட, அங்கே எந்தப் பாதை என்பதுதான் உங்கள் செலவைத் தீர்மானிக்கும். கடைசியில் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறேன்.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு வச்சுக்கணும்?

தனியாகப் போகிறவர், பலர் பகிர்ந்துகொள்ளும் விடுதி அறையில் ஒரு பங்க் படுக்கையில் தங்குகிறவர், தெருக்கடையில் சாப்பிடுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். வியட்நாமில் படுக்கை 2,00,000 டாங், சாப்பாடும் காபியும் 2,00,000, ஊருக்குள் போக்குவரத்து 1,00,000, நுழைவுக் கட்டணமும் சில்லறையும் 1,00,000. ஆக 6,00,000 டாங், அதாவது சுமார் 23 டாலர். தாய்லாந்தில் படுக்கை 400 பாட், சாப்பாடு 300, போக்குவரத்து 150, மற்றவை 150. ஆக 1,000 பாட், சுமார் 30 டாலர்.

இதில் ஊர்விட்டு ஊர் போகும் செலவும், ஒருநாள் சுற்றுலாக்களும், மதுவும் சேராது. தனி அறை வேண்டுமென்றால் கணக்கு மாறும். அதைத் தங்குமிடக் கேள்வியில் பாருங்கள்.

விசாவுக்கே எவ்வளவு போகும்?

வியட்நாமுக்கு இ-விசா. 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவரும் இதை எடுக்கலாம், 90 நாள் வரை செல்லும். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். மலேசிய, சிங்கப்பூர் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு 30 நாள் வரை விசாவே தேவையில்லை. விண்ணப்பத்தை அரசின் சொந்தத் தளத்தில் மட்டும் போடுங்கள். அதன் முகவரி 'ஜிஓவி டாட் விஎன்' என்று முடியும். அதே தோற்றத்தில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். இன்னொன்று: நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோ தலைப்பெழுத்தோதான் இருக்கும். கடவுச்சீட்டில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதை அப்படியே நிரப்புங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் கட்டணம் திரும்பி வராது.

தாய்லாந்து 2024 ஜூலை 15 அன்று 93 நாட்டுக் குடிமக்களுக்கு 60 நாள் விசா விலக்கு கொடுத்தது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நான்கும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை. ஆனால் இந்த விதி அரசு நினைத்தால் மாற்றுகிற விதி. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் தாய்லாந்துத் தூதரகத்தின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்புறம், 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது முழுக்க இலவசம். அதற்கு யாராவது பணம் கேட்டால் அது அரசின் தளம் அல்ல.

வியட்நாம் நோட்டுல இத்தனை பூஜ்யமா? குழப்பமா இருக்காதா?

முதல் இரண்டு நாள் இருக்கும். பிறகு கடைசி மூன்று பூஜ்யங்களை மனதிலேயே வெட்டப் பழகிவிடுவீர்கள், ஊர்க்காரர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். சாப்பாட்டுப் பட்டியலில் 45 என்றிருந்தால் 45,000 டாங்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 20,000 நோட்டு நீலம், 5,00,000 நோட்டும் நீலம். ஒன்றைவிட இன்னொன்று 25 மடங்கு. ஹனோய் பழைய நகரில் ஒரு மழை மாலை. தெருமுனையில் ஓர் அம்மா தள்ளுவண்டியில் பான் மீ ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் பணம். நான் ஒரு நீல நோட்டை நீட்டிவிட்டு, ரொட்டியை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டேன். பின்னால் யாரோ கூப்பிடுகிற சத்தம். வண்டியை விட்டுவிட்டு அவர் நனைந்தபடி ஓடி வந்து என் கையைப் பிடித்து, நோட்டைக் கண்ணுக்கு நேரே விரித்து, விரலால் பூஜ்யங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஐந்து லட்சம் டாங் நோட்டு, என் கணக்கில் அவருக்கு ஒரு நாள் முழுக்க ஓடுகிற வியாபாரத்தில் பெரும்பகுதி. அன்றிலிருந்து 5,00,000 நோட்டுகளைப் பணப்பையில் தனி அறையில் வைக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஏடிஎம்ல எடுக்கலாமா, டாலர் கொண்டு போகணுமா?

தாய்லாந்தில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட் பிடிப்பார்கள், சில இடங்களில் அதற்கும் மேல். உங்கள் வங்கி பிடிப்பது தனி. நான்கு முறை எடுத்தால் ஒரு நாள் செலவே போய்விடும். அதனால் அங்கே டாலர் கொண்டுபோய் நகருக்குள் இருக்கும் நாணய மாற்றுக் கடைகளில் மாற்றுவது நல்லது. விமான நிலையத்தில் முதல் நாளுக்குத் தேவையானதை மட்டும் மாற்றுங்கள்.

வியட்நாமில் ஏடிஎம் கட்டணம் குறைவு. ஆனால் பல இயந்திரங்களில் ஒரு தடவைக்கு 20 முதல் 50 லட்சம் டாங்தான் வரும். உரிமம் இல்லாத நகைக்கடைகளில் டாலர் மாற்றுவது அங்கே சட்டப்படி தவறு, வங்கியிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் டாங்கை நாட்டைவிட்டுக் கிளம்பும் முன் செலவழித்துவிடுங்கள் அல்லது மாற்றிவிடுங்கள். வெளியே வந்தபின் அதை வாங்க ஆள் கிடைப்பது கடினம்.

எந்த ஏடிஎம் ஆனாலும், 'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா' என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் எப்போதும் உங்களுக்குப் பாதகம்தான்.

தங்குறதுக்கு எங்க குறைச்சல்?

வியட்நாம். தாய்லாந்துத் தீவுகளோடு ஒப்பிட்டால் தனி அறையில் வித்தியாசம் பெரிது. மத்திய வியட்நாமின் ஹோய் ஆனிலோ ஹுவேயிலோ குடும்பத்தினர் நடத்தும் விடுதியில் குளிர்சாதனத்தோடு இரண்டு பேர் அறை 4 முதல் 6 லட்சம் டாங்குக்குக் கிடைக்கிறது, பல இடங்களில் காலை உணவோடு. அதே தரத்தில் வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாயில் 600 முதல் 900 பாட் ஆகும். தெற்குத் தீவுகளில் சீசனில் 1,500 பாட் என்பது சாதாரணம்.

அதனால் ஜோடியாகப் போகிறவர்களுக்கு வியட்நாமில் தனி அறையும் இரண்டு பங்க் படுக்கையும் கிட்டத்தட்ட ஒரே விலை. பங்கில் படுத்து மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

நான் சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது, அதிகமா செலவாகுமா?

ஆகாது, சைவக் கடை தேடத் தெரிந்தால். வியட்நாமில் 'சாய்' என்று எழுதிய கடைகளைப் பாருங்கள். பௌத்தச் சைவ உணவு அது. சோறும் நான்கைந்து பதார்த்தங்களும் 30,000 முதல் 50,000 டாங். அமாவாசையும் பௌர்ணமியும் அங்கேயும் விரத நாட்கள். அன்றைக்கு வழக்கமான கடைகளில்கூடச் சைவச் சாப்பாடு கிடைக்கும். தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தோடு 'ஜே' கடைகள் இருக்கும். வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். ஒரு தட்டு 40 முதல் 60 பாட்.

சாதாரணக் கடையில் போய் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. இரண்டு நாட்டிலும் மீன் சாறுதான் உப்புக்கு மாற்று. தாய்லாந்தில் அதன் பெயர் நாம் பிளா, வியட்நாமில் நுவாக் மாம். காய்கறி வதக்கலிலும் அது விழும். இந்திய உணவகங்கள் பெரிய நகரங்களில் இருக்கின்றன, ஆனால் உள்ளூர்ச் சைவத் தட்டைவிட இரண்டு மூன்று மடங்கு விலை. தினமும் அங்கேயே சாப்பிட்டால் மேலே சொன்ன நாள் கணக்கு பொருந்தாது.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: ஃபோ என்கிற நூடுல்ஸ் சூப் ஒரு கிண்ணம் 40,000 முதல் 70,000 டாங், பாங்காக் தெருவில் கோழிச் சோறு 50, 60 பாட். ஏறக்குறைய சமம்தான்.

ஏர்போர்ட்லேர்ந்து ஊருக்குள்ள வர்றதுலேயே பணம் போயிடும்னு சொல்றாங்களே?

பஸ்ஸும் ரயிலும் இருக்கும்போது பணம் போகவேண்டியதில்லை. பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள். சுவர்ணபூமியிலிருந்து நகருக்குள் பாயா தாய் நிலையம் வரை விமான நிலைய ரயில் 45 பாட். டான் முவாங்கிலிருந்து ஏ1 பஸ் 30 பாட். ஹனோயின் நொய் பாய் விமான நிலையத்திலிருந்து 86ஆம் எண் பஸ் பழைய நகர் வரை சுமார் 45,000 டாங். சைகோனில் (ஹோ சி மின் நகரம்) 109ஆம் எண் பஸ் 15,000 டாங்.

நள்ளிரவில் இறங்கினால் இவை ஓடாது. வாடகை வண்டி கூப்பிடும் கிராப் செயலி இரண்டு நாட்டிலும் வேலை செய்யும், விலை முன்கூட்டியே தெரியும்.

ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்கு எப்படிப் போறது சிக்கனம்?

முதல் பதிலில் சொன்ன விஷயம் இங்கேதான் வருகிறது. வியட்நாம் ஒரு நீண்ட கயிறு. ஹனோயிலிருந்து சைகோன் வரை ரயில் பாதை 1,726 கிலோமீட்டர், முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். எல்லோரும் வடக்கையும் பார்க்கிறேன், தெற்கையும் பார்க்கிறேன் என்று திட்டம் போடுகிறார்கள். அந்த ஆசைக்கு இரண்டு இரவு ரயிலோ ஒரு விமானமோ கட்டாயம் வேண்டும். ரயிலில் மெத்தைப் படுக்கைக்கு ஹனோய், ஹுவே இடையே 9 லட்சம் டாங் அளவுக்குப் போகிறது. படுக்கை பஸ் அதைவிட மலிவு, ஆனால் உயரமானவர்களுக்குக் காலை நீட்ட முடியாது.

ரயிலில் எந்தத் துண்டைத் தவறவிடக்கூடாது என்று கேட்டால், ஹுவேயிலிருந்து டா நாங். வெறும் 100 கிலோமீட்டர்தான், மூன்று மணி நேரம் எடுக்கும். ஹாய் வான் கணவாயில் ரயில் மலையை ஒட்டி நகரும்போது இடது பக்கச் சன்னலுக்குக் கீழே நேராகக் கடல். சக்கரம் வளைவில் கிரீச்சிட, முன் பெட்டிகள் நமக்கு முன்னாலேயே பாறைக்குள் நுழைவது தெரியும். சுமார் ஒன்றரை லட்சம் டாங்குக்கு இரண்டு நாட்டிலும் நான் பார்த்த சிறந்த காட்சி இதுதான்.

தாய்லாந்தில் எல்லாப் பாதையும் பாங்காக்கில் வந்து சேரும். பாங்காக்கிலிருந்து சியாங் மாய் 751 கிலோமீட்டர். புதிய இரவு ரயிலில் இரண்டாம் வகுப்புக் குளிர்சாதனப் படுக்கை, மேலே 941 பாட், கீழே 1,041. ஓர் இரவு விடுதிச் செலவும் மிச்சம். 2023 ஜனவரி முதல் தொலைதூர ரயில்கள் பழைய ஹுவா லம்போங்கிலிருந்து அல்ல, குருங் தேப் அபிவாத் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பிப் போய் ரயிலைத் தவறவிடாதீர்கள்.

கடற்கரைதான் எனக்கு முக்கியம். அப்ப எது?

கடல் அழகுக்குத் தாய்லாந்து. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அங்கே தீவுக்குத் தீவு தாவுவதுதான் பணத்தைத் தின்கிறது. ஒரு தீவைத் தேர்ந்தெடுத்து ஐந்து நாள் அசையாமல் இருங்கள். கோ சமுய்க்கு நேர் விமானம் எப்போதும் விலை அதிகம், ஏனென்றால் அந்த விமான நிலையமே ஒரு தனியார் விமான நிறுவனத்தின் சொத்து. கரையில் இருக்கும் சூரத் தானி வரை ரயிலிலோ மலிவு விமானத்திலோ போய், அங்கிருந்து பஸ்ஸும் படகும் சேர்ந்த டிக்கெட் எடுப்பதுதான் சிக்கனக்காரர் வழி.

வியட்நாமில் கடல் வேண்டுமென்றால் டா நாங். நகரத்துக்குள்ளேயே கடற்கரை, படகுச் செலவு இல்லை. ஃபூ குவோக் தீவுக்கு வெளிநாட்டிலிருந்து நேராகப் போய் அங்கேயே தங்கித் திரும்பினால் 30 நாள் வரை எந்த நாட்டவருக்கும் விசா வேண்டாம். மேலே சொன்ன 25 டாலர் மிச்சம்.

நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டும் அதிகமாமே?

தாய்லாந்தில் ஆமாம். தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டவருக்குத் தனி விலை: தோய் இந்தனோன் 300 பாட், சிமிலான் 500 பாட். பாங்காக் அரண்மனை 500, வாட் போ கோயில் 300, வாட் அருண் கோயில் 200. மூன்றையும் ஒரே நாளில் பார்த்தால் 1,000 பாட், அதாவது இன்னொரு முழு நாள் செலவு. மூன்றில் ஒன்று என்றால் நான் வாட் போவைச் சொல்வேன்.

வியட்நாமில் பெரும்பாலும் குறைவு. ஹுவே கோட்டை 2,00,000 டாங், ஹோய் ஆன் பழைய நகர் 1,20,000, சைகோன் போர் அருங்காட்சியகம் 40,000. விலை ஏறுவது ஒருநாள் சுற்றுலாக்களில். ஹா லாங் விரிகுடாவுக்கு ஒரு நாள் போய்வரவே பத்து லட்சம் டாங் ஆகிவிடும், இரவு தங்கும் கப்பல் அதைப் போல மூன்று மடங்கு. கையைக் கடித்தால் நின் பின்னில் உள்ள சாங் ஆனுக்குப் போங்கள். சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே துடுப்புப் படகில் மூன்று மணி நேரம், சுமார் 2,50,000 டாங்.

பைக் வாடகைக்கு எடுத்தா ரொம்ப மிச்சமாமே?

வாடகை மிச்சம்தான். வியட்நாமில் ஒரு நாளைக்கு ஒன்றரை லட்சம் டாங், தாய்லாந்தில் 250 பாட் அளவில் கிடைக்கும். ஆனால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் இரண்டு வகை உண்டு: 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி ஒன்று, 1968 வியன்னா உடன்படிக்கையின்படி ஒன்று. இந்தியா தருவது 1949 வகை. தாய்லாந்து அதை ஏற்கும், வியட்நாம் ஏற்காது.

கடைக்காரர் எதையும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார். அதனால் அது சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. விபத்து நடந்தால் பயணக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது செல்லுபடியாகும் உரிமத்தைத்தான். இரண்டு மூன்று லட்சம் டாங் மிச்சம் பிடிக்கப் போய் மருத்துவமனைச் செலவு முழுவதையும் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். வியட்நாமின் வடக்கே உள்ள ஹா ஜியாங் மலைப்பாதைக்கு உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு இருக்கிறது. செலவு கூடும், ஆனால் அங்கே நான் அதைத்தான் சொல்வேன்.

எந்த மாசம் போனா விலை குறையும்?

தாய்லாந்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உச்ச விலை. மே முதல் அக்டோபர் வரை புக்கெட், கிராபி பக்கம் மழை, அறை விலை நன்றாக இறங்கும். அந்தச் சமயம் கிழக்குப் பக்கமான சமுய், கோ தாவோ அவ்வளவு மோசமாக இருக்காது, அங்கே மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வியட்நாமில் ஹுவே, ஹோய் ஆன் பகுதிக்கு அக்டோபர், நவம்பரில் போகாதீர்கள், வெள்ளம் வரும் காலம்.

விலையைவிட முக்கியம் பண்டிகைகள். ஜனவரி மூன்றாம் வாரத்துக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் இடையில் வரும் டெட் புத்தாண்டில் வியட்நாமே ஊருக்குக் கிளம்பும். ரயிலில் இடம் கிடைக்காது, சிறு கடைகள் மூடிக்கிடக்கும். தாய்லாந்தில் ஏப்ரல் 13 முதல் 15 வரை அவர்களின் புத்தாண்டான சோங்கிரான்.

அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். அப்பவும் வியட்நாம்தான் மலிவா?

அறை மலிவுதான். ஆனால் ஹனோய் பழைய நகரின் சிறு விடுதிகள் குறுகி உயர்ந்த கட்டடங்கள், பலவற்றில் லிஃப்ட் கிடையாது. முட்டி வலி உள்ளவர்களை நான்கு மாடி ஏற்ற முடியாது. நடைபாதை முழுக்க வண்டிகள் நிற்கும். பெரியவர்களோடு என்றால் பாங்காக், சியாங் மாய் இரண்டு ஊர் போதும் என்பேன். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் அவர்கள் களைக்காமல் வருவார்கள்.

எல்லாம் சரி, பதினாலு நாளைக்கு மொத்தமா எவ்வளவு? விமான டிக்கெட் தவிர.

இரண்டாவது கேள்வியின் நாள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். வியட்நாமில் 14 நாளுக்கு 84 லட்சம் டாங். ஹனோய், ஹுவே, ஹோய் ஆன், சைகோன் என்று ஒரே நேர்கோட்டில் போக, ஹா லாங் ஒருநாள் சுற்றுலாவோடு இன்னும் 35 லட்சம். மொத்தம் 1 கோடியே 19 லட்சம் டாங், சுமார் 460 டாலர். தாய்லாந்தில் 14 நாளுக்கு 14,000 பாட். பாங்காக், சியாங் மாய், அப்புறம் தெற்கே ஒரு தீவு என்றால் பயணத்துக்கு 5,000, படகும் பூங்காவும் 2,000. மொத்தம் 21,000 பாட், சுமார் 635 டாலர்.

இப்போது பாதையை மாற்றிப் பார்ப்போம். தாய்லாந்தில் தீவை விட்டுவிட்டு பாங்காக், சியாங் மாய் மட்டும் என்றால் 16,000 பாட், சுமார் 485 டாலர். வியட்நாமில் ஹா லாங்கில் இரவுக் கப்பல், டா நாங் அருகே பா நா மலைச் சுற்றுலா, இன்னொரு உள்நாட்டு விமானம் என்று 41 லட்சம் சேர்த்தால் 1 கோடியே 60 லட்சம் டாங், சுமார் 615 டாலர். மலிவான நாட்டில் செலவு கூடிவிட்டது. விசாக் கட்டணம் இதில் சேராது.

ரெண்டையும் ஒரே பயணத்துல முடிச்சா மிச்சமாகுமா?

மூன்று வாரத்துக்கு மேல் விடுமுறை இருந்தால் ஆகும். ஒரு நாட்டில் இறங்கி மற்றொன்றிலிருந்து வீடு திரும்பும்படி டிக்கெட் போடுங்கள். பாங்காக்குக்கும் ஹனோய்க்கும் இடையே விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம்தான், மலிவு விமானங்கள் நிறைய. தரை வழியாகப் போகலாம் என்றால் நடுவில் லாவோஸோ கம்போடியாவோ வரும். அந்த விசாவையும் இரண்டு நாள் பயணத்தையும் கணக்கில் சேர்த்தால் விமானமே மலிவு. வியட்நாமுக்குள் இரண்டு தடவை நுழைவதாக இருந்தால் 50 டாலர் விசாவை எடுக்க மறக்காதீர்கள், 25 டாலர் விசா முதல் தடவை வெளியேறியதுமே முடிந்துவிடும்.

பத்து நாள்தான் இருக்கிறது என்றால் ஒரு நாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதிலும் இரண்டே ஊர். மழை இல்லாத மாதம் என்றால் ஹனோயும் நின் பின்னும் எனக்குப் பிடித்த ஜோடி. நடுவே ரயிலில் இரண்டு மணி நேரச் சொச்சம்தான்.